டொக்டர் வேண்டாம் எண்டு சொல்லியும் அப்பாவ கூட்டிக்கொண்டு வந்தம், இப்ப டயக்னோசிஸ் கார்ட் (என்ன வருத்தம், என்ன மருந்து குடுத்தது எண்டு ஆஸ்பத்திரி எழுதித் தாற தாள்) தரமாட்டினமாம்

வணக்கம். நாங்க வெள்ளவத்தை. அப்பாக்கு 67 வயசு, சுகர் இருக்கு, வலது கால்ல புண் பழுத்து வீங்கி போன செவ்வாய் கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில அட்மிட் பண்ணினம். மூண்டு நாள் ஊசியால அன்டிபயோட்டிக் ஏத்தினவங்க, இன்னும் நாலு நாள் இருக்கோணும் எண்டு டொக்டர் சொன்னார், ஆனா பில் எங்களால தாங்கேலாத அளவுக்குப் போட்டுது, அதால வெள்ளி பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்திட்டம்.

வரேக்க இங்கிலீஷ்ல ஒரு தாள் நீட்டி நர்ஸ் விரல் வச்ச இடத்தில தம்பி சைன் பண்ணினவன். என்ன ஆபத்து வரும் எண்டு ஒருத்தரும் விளங்கப்படுத்தேல்ல. அப்பா நல்ல நினைவோட பக்கத்தில கட்டில்லதான் இருந்தவர், அவரிட்ட கேக்கவே இல்ல. எனக்கு அதுதான் மனசு ஆறுதில்ல, அவற்ற உடம்பு, அவர்தானே முடிவு சொல்லோணும்.

பில் முழுக்க கட்டியாச்சு. ரெண்டு தரம் நேர்ல போனன், கடிதமும் குடுத்தன், "நீங்களா போனனீங்க, கார்ட் இல்ல" எண்டுதான் பதில். தகவல் அறியும் சட்டம் பெரும்பாலும் அரச நிறுவனங்களுக்குத்தானே, இங்க சரிவருமோ தெரியேல்ல. இப்ப பாக்கிற டொக்டர் என்ன மருந்து ஏத்தினது எண்டு கேக்கிறார், எங்களிட்ட பில்ல தவிர ஒண்டுமில்ல. கால் இன்னும் சூடாத்தான் இருக்கு.

தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு முறைப்பாடு குடுத்து இப்பிடி ரிப்போர்ட் எடுத்த ஆக்கள் இருக்கிறீங்களா, என்னென்ன கொண்டு போகோணும்?