கொய் பிளாவும் கொதிச்ச குழம்பும்

முரளி: 'மீன் சாப்பிட்டா பித்தநாளப் புற்று'ன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதே, நிஜமா அத்தை?

கீதா அத்தை: கால்வாசி நிஜம்டா. பித்தநாளம்னா கல்லீரல்லேர்ந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டு போற குழாய். வேகவைக்காத ஆத்து மீன்தான் வில்லன், அதுவும் எல்லா ஊர்லயும் இல்ல. வடகிழக்குத் தாய்லாந்துல கொய் பிளான்னு ஒண்ணு. பச்சைக் கெண்டையைக் கொத்தி, எலுமிச்சை பிழிஞ்சு, மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் போட்டுப் பிசைவாங்க. மீன் சதைக்குள்ள கல்லீரல் தட்டைப்புழுவோட குஞ்சு உறை போட்டு உக்காந்திருக்கும். எலுமிச்சைக்கு சதை வெளுக்கும், புழு சாகாது.

கீதா அத்தை: பித்தநாளத்துல ஏறிட்டா 10 வருஷம்கூட இருக்கும். முட்டை மலத்தோட குளத்துக்குப் போகும், அங்க நத்தை, அப்புறம் மறுபடி மீன்.

நிவேதா: அங்க கோன் கேன் மாகாணத்துல ஆண்களுக்கு இந்தப் புற்று வர்ற கணக்கு ஒரு காலத்துல வருஷத்துக்கு லட்சத்துக்கு 80-ஐத் தாண்டிச்சு. மேற்கு நாடுகள்ல பொதுவா 2-க்கும் கீழ. இந்தப் புழுவை 1994-லயே உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் வகைக் காரணியா, அதாவது மனுஷனுக்குப் புற்று உண்டாக்கும்னு உறுதியானதா அறிவிச்சாச்சு. சீனா, கொரியால இதோட பங்காளி, குளோனார்க்கிஸ்னு இன்னொரு கல்லீரல் தட்டைப்புழு.

பாலு சித்தப்பா: நாளச் சுவர் வருஷக்கணக்கா ரணமாகி, தழும்பாகி, புற்றாக 30, 40 வருஷம் ஆகும். அதனால இன்னிக்கே பச்சை மீனை நிறுத்தினாலும் எண்ணிக்கை உடனே இறங்காது. மருந்து பிராசிகுவான்டல், கிலோவுக்கு 40 மி.கி., ஒரே வேளை. 50 கிலோ ஆளுக்கு 2000 மி.கி. டாக்டர் எழுதிக் கொடுத்தாதான். புழு போயிடும், ஆனா அடுத்த விருந்துல மறுபடி பச்சை மீன் தின்னா மறுபடி ஒட்டிக்கும். அங்க பெரிய தலைவலியே அதுதான்.

முரளி: புழுவே இல்லாத அமெரிக்காவுலயும் இந்தப் புற்று ஏறுதுன்னு போட்டிருக்கே?

நிவேதா: கல்லீரலுக்குள்ள வர்ற வகை ஏறுது. கல்லீரல் சுருக்கம், ஹெபடைட்டிஸ் பி, சி, சர்க்கரை, உடல் பருமன் எல்லாம் காரணம். ஆனா பதிவேட்டுக் குளறுபடியும் உண்டு. வலது, இடது நாளங்கள் சேர்ற இடத்துல வர்ற கிளாட்ஸ்கின் கட்டி கல்லீரலுக்கு வெளிய. புற்றுக்கு வகை எண் போடற பழைய குறியீட்டுப் புத்தகம் அதைக் கல்லீரலுக்குள்ள வர்ற வகையில தள்ளிடுச்சு. 1992-2000 அமெரிக்கப் பதிவுகள்ல இந்தக் கட்டிகள்ல 91% தப்பான கட்டத்துல. அதால மட்டும் உள்வகை எண்ணிக்கை 13% வீங்கிடுச்சு 🤦🏽‍♀️

முரளி: அப்ப நம்ம மீன் குழம்பு?

கீதா அத்தை: கொதிக்கற குழம்புல அந்தப் புழுக்குஞ்சு தாங்காது. தைரியமா ஊத்திக்க.

பாலு சித்தப்பா: அந்த ஃபார்வர்டுல கங்கைக் கரை மாநிலங்களை இழுத்திருக்கான் பாரு, அங்க அதிகம் இருக்கறது பித்தப்பைப் புற்று. அது வேற உறுப்பு, வேற கணக்கு.