பறை அடிச்சே குடும்பம் நடத்த முடியுமா?

மேலூர்க்காரன்:
தம்பி காலேஜ் முடிச்சிட்டு பறைதான் தொழில்னு நிக்கிறான், வீட்ல அம்மா ஒரே அழுகை. திருவிழா இல்லாத மாசத்துல என்னதான் பண்ணுவாங்க? இதுல யாராச்சும் இருக்கீங்களா?

அடவுக்காரன்:
நான் இதுலதாங்க இருக்கேன். பங்குனி, சித்திரை, ஆடில தூங்க நேரமிருக்காது, மார்கழில போனே அடிக்காது, அப்ப சோறு போடுறது கிளாஸ்தான், சனி ஞாயிறு ஐடி பசங்க, ஸ்கூல் பிள்ளைங்கன்னு வர்றாங்க. ஆனா அடிக்கத் தெரிஞ்சவனுக்கெல்லாம் சொல்லிக்குடுக்க வராது, அடியும் அடவும் (ஆட்ட அசைவு) சேர்த்து உடம்புல ஏத்தணும். அட்வான்ஸ் வாங்காம எங்கயும் போகவேணாம்னு சொல்லுங்க, ஆட்டம் முடிஞ்சப்புறம் பேசுன காசு முழுசா வராது.

கரிசல்:
நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்துல பதியச் சொல்லுங்க. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அம்மாகிட்ட காட்டுங்க.

தப்பு செட்டு:
பத்மஸ்ரீ வந்து கரண்ட் பில்லு கட்டாது அண்ணே 😄 சாவுக்கு அடிக்கப் போறானா இல்லையான்னு முதல்ல முடிவு பண்ணட்டும், எங்க செட்டு போறதில்ல. அப்புறம் மழைக்காலத்துல பறைத்தோல் தளர்ந்து சத்தம் இறங்கிரும், தீ மூட்டி காய்ச்சணும், மண்டபத்துல தீ போட விடமாட்டாங்க, பைபர் பறை ஒண்ணு கைவசம் இருக்கட்டும்.

மேலூர்க்காரன்:
அம்மாவுக்கு அந்த சாவு மேட்டர்தான் பயமே. கிளாஸ் பத்தி சொல்லிப் பாக்குறேன், நன்றிண்ணே.