கல்லூரி கோச்சிடம் தனியாக டென்னிஸ்: எங்கள் பிள்ளைகளின் அனுபவம்

நாகர்கோவில், வடசேரி

மகனுக்கு இப்போது 10 வயது. போன ஜூன் மாதத்திலிருந்து, கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சாரிடம் தனியாக டென்னிஸ் படிக்கிறான். வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம். தனி வகுப்பு தேவையா என்று யோசிக்கும் பெற்றோருக்காக நடந்ததை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கோடை முகாமுக்கு அனுப்பினோம். ஒரு கோர்ட்டில் 14 பிள்ளைகள். முறை வந்ததும் நாலு பந்து அடித்துவிட்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஒருநாள் வெளியே உட்கார்ந்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் அவன் அடித்தது 36 பந்து. மாதம் முடியும்போது வலது முழங்கை வலிக்கிறது என்று வந்து நின்றான்.

புது சாரிடம் கூட்டிப் போனபோது அவர் முதலில் கேட்டது ராக்கெட்டை. 27 அங்குலம், பெரியவர்கள் ஆடுவது. வளர்ந்தால் மறுபடி வாங்க வேண்டுமே என்று நான்தான் பெரிதாக வாங்கியிருந்தேன். "இது இவன் கைக்குப் பாரம். முழங்கை வலிக்காம என்ன செய்யும்?" என்றார். அந்த வாரமே 25 அங்குலத்துக்கு மாற்றினோம். பந்தும் மாறியது. ஆரஞ்சுப் பந்து வழக்கமான மஞ்சள் பந்தைவிடப் பாதி வேகத்தில்தான் வரும், தாழ்வாகவும் எழும்பும். மஞ்சள் பந்து இந்த வயதுப் பிள்ளைகளுக்குத் தோளுக்கு மேலே போய்விடும். அதை எட்டி எட்டி அடித்துத்தான் கை கெடுகிறது. 10 வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு 2012லேயே விதி கொண்டுவந்துவிட்டது என்பதை சார் சொல்லித்தான் அறிந்தேன். முழங்கை வலி மூன்று வாரத்தில் போனது.

முதல் இரண்டு வாரம் ராக்கெட்டைத் தொடவே விடவில்லை. சார் பந்தை உருட்டுவார், எறிவார். இவன் ஓடிப்போய் ஒரு குத்து எழும்பியதும் கையால் பிடிக்க வேண்டும். சார் எறிவதற்குச் சற்று முன்னால் இரண்டு காலிலும் சின்னதாக ஒரு குதி குதித்து நிற்க வேண்டும். காசு கொடுத்து இதற்கா அனுப்புகிறோம் என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ராக்கெட்டைக் கையில் கொடுத்த அன்று புரிந்தது. பந்து வரும் இடத்துக்குக் கால் முதலிலேயே போய்விட்டதால், கை அவசரப்படவில்லை.

ஆடி மாதம் சர்வ், அதாவது பாயிண்டைத் தொடங்கி வைக்கும் அடி, சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். ஆடிக் காற்று எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேலே தூக்கிப் போட்ட பந்து தலைக்குப் பின்னால் போய் விழும். சார் இடது காலுக்குக் கொஞ்சம் முன்னால் தரையில் ராக்கெட்டை வைத்துவிட்டு, "அடிக்காதே மக்களே, போட்டுக் காட்டு, அது மேலே விழணும்" என்பார். ஒரு மாலை முழுக்க அது மட்டும்தான். காற்று நாளில் உயரத்தைக் குறைத்துப் போட அப்படித்தான் படித்தான்.

நாகர்கோவிலில் பிறந்த இராமநாதன் கிருஷ்ணனைப் பற்றியும் அவனுக்கு அடிக்கடி சொல்வார். 1954ல் விம்பிள்டன் சிறுவர் பட்டம், 1960லும் 1961லும் அரையிறுதி. அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் அவருடைய அப்பாதான். ஒரே ஆள் கூடவே நின்று பார்த்துத் திருத்துவதில் சாருக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சார் போடும் பந்து எப்போதும் அடிக்கத் தோதாக வருகிறது. போன மாதம் பள்ளிப் போட்டியில் எதிரில் ஆடிய பையன் எல்லாப் பந்தையும் உயரத் தூக்கித் தூக்கிப் போட்டான். இவனுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, தோற்றுவிட்டு வந்து ரொம்ப நேரம் பேசவில்லை.

தக்கலை

என் மகளுக்கும் இதே வயதுதான். எங்கள் கோச் இப்போதும் கல்லூரியில் வேலையில் இருக்கிறார். விஷயம் தெரிந்தவர், பொறுமையானவர். ஆனால் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் வந்தால் டீமோடு திருநெல்வேலி போய்விடுவார், இரண்டு வாரம் வகுப்பு இருக்காது. அதனால் மாதக் கட்டணம் வேண்டாம், வகுப்புக் கணக்கில் தருகிறேன் என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டேன். அவரும் சரி என்றார்.

பெண் பிள்ளையைத் தனியாக எப்படி விடுவது என்று எனக்குத் தயக்கம் இருந்தது. நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அம்மாவோ அப்பாவோ யாராவது ஒருத்தர் இங்கே உட்கார்ந்திருக்கணும்" என்று அவரே சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரிடம் சேர்த்தேன்.

குளச்சல்

கல்லூரி டீமில் மூன்று வருடம் ஆடியவள் நான். வடசேரி அண்ணன் சொன்ன குறை உண்மை. தனி வகுப்பில் ஷாட் நன்றாக வரும், ஆட்டம் வராது. வாரத்தில் ஒரு நாளாவது தன் வயதுப் பிள்ளையோடு பாயிண்ட் எண்ணி ஆட வேண்டும். ஐப்பசி மழையில் மண் கோர்ட் காய நாளாகும்போது எங்கள் மேடம் எங்களைச் சுவரில் அடிக்க விடுவார். அதுவும் நல்லதுதான், ஆனால் சுவர் ஒருநாளும் பந்தைத் தூக்கிப் போடாது.

நாகர்கோவில், வடசேரி

தங்கச்சி சொன்னதை இன்று சாரிடம் சொன்னேன். ஞாயிறு மாலை நாலரைக்குக் கோர்ட் காலியாக இருக்கிறதாம். தக்கலை அக்கா, மகளைக் கூட்டி வருகிறீர்களா? ஆரஞ்சைவிடச் சற்று வேகமான, மஞ்சளைவிட வேகம் குறைந்த பச்சைப் பந்து எங்களிடம் இருக்கிறது. ராக்கெட் மட்டும் கொண்டுவந்தால் போதும்.