ஃபெல்ட், மொசைக்: பறவை அலங்காரக் குறிப்புக்கு இரண்டு சொற்கள்

திருவாரூரிலிருந்து:
வணக்கம். ஃபெல்டில் (நெய்யாமல், இழைகளைச் சிக்கவைத்தே செய்யும் தடித்த துணி) தைக்கும் பறவை, கண்ணாடிச் சில்லு பதிக்கும் மொசைக் பறவை இரண்டுக்கும் செய்முறைக் குறிப்பு தயாராகிறது. ஃபெல்ட், மொசைக் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் வேண்டும். மாதிரிக்கு வெண்மார்பு மீன்கொத்தி. ஃபெல்டை ‘கம்பளித்துணி’ என்றெழுத மனம் ஒப்பவில்லை. கடையில் ஏ4 அளவில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக். கம்பளி என்று நம்பிச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். எனவே பொருளை விட்டுச் செய்முறையைப் பிடிக்கலாம். ஆட்டுமயிரின் நுண்செதில்கள் வெந்நீரும் சோப்பும் தேய்ப்பும் பட்டதும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. பாலியஸ்டரில் செதில் இல்லை. முள் வைத்த ஊசிகளால் குத்திக் குத்தி இழைகளைச் சிக்கவைக்கிறார்கள். இரண்டிலும் நடப்பது சடை பிடிப்பதுதான். ஆகவே ‘சடைத்துணி’.

மன்னார்குடியிலிருந்து:
ஐயா, சடை என்றதும் பாதிப்பேருக்குப் பின்னல்தான் நினைவுக்கு வரும். ஃபெல்டின் குணமே பின்னலோ நெசவோ இல்லாததுதானே! பாவும் ஊடையும் கிடையாது. அதனால்தான் வெட்டிய ஓரம் பிரிவதில்லை, எந்தத் திசையிலும் அச்சு வைத்து வெட்டலாம். பெயரைப் பார்த்து நெய்த துணிபோல ஓரத்தை மடித்துத் தைத்தால், 10 செ.மீ. பறவைக்கு வால் மொத்தையாகிவிடும். நெய்யாததைத் துணி என்பதும் இடிக்கிறது.

கும்பகோணத்திலிருந்து:
துணித்தது துணி. வெட்டியெடுத்த துண்டு என்பதே வேர்ப்பொருள்; தறி அதற்குள் இல்லை. சடை பின்னுவது வேறு, பிடிப்பது வேறு. பக்கத்துத் திருப்பனந்தாளில் இருப்பவர் செஞ்சடையப்பர். அவர் சடையை யாரும் வாரிப் பின்னியதாகத் தெரியவில்லை. இச்சொல் கிளைக்கவும் செய்கிறது: வெந்நீர் முறை ‘நீர்ச்சடை’, ஊசி முறை ‘ஊசிச்சடை’. ‘கம்பளித்துணி’யிலிருந்து இப்படி எதையும் பிரித்தெடுக்க முடியாது.

ஓரம் பற்றிய எச்சரிக்கை நியாயமானது. அதைக் குறிப்பிலேயே சேருங்கள்: மடிக்க வேண்டாம், ஆறிழை நூலில் இரண்டிழையைப் பிரித்து, 3 மி.மீ. இடைவெளியில் காஜாத் தையல். வயிற்றுப் பக்கம் 3 செ.மீ. திறப்பு விட்டுப் பஞ்சடைக்க வேண்டும். முதலில் அலகின் அடி, அப்புறம் வால் நுனி, கடைசியில் உடல். வரிசை மாறினால் நுனிகளுக்குப் பஞ்சு போகாது. தொங்கவிட்டால் மூக்கு குத்தி நிற்கும் பறவைகளுக்கெல்லாம் காரணம், நூலை முதுகின் நட்டநடுவில் கோப்பதுதான். மீன்கொத்திக்குத் தலையும் அலகும் பெரிது, வால் சிறிது. திறப்பை மூடுமுன் முதுகில் ஊசி குத்தித் தூக்கிப் பாருங்கள். சமநிலை பெரும்பாலும் நடுவுக்குச் சற்று முன்னால் இருக்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து:
சடைத்துணிக்கு என் வாக்கு. ஆனால் மொசைக்கை அப்படியே விடக்கூடாது. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மொசைக் என்றால் சிமெண்டில் கல்துகள் கலந்து தேய்த்த தரை. கடையில் கேட்டால் தரைக்கல்லைத்தான் காட்டுவார்கள். ‘சில்லுப்பதிப்பு’ என்றால் அச்சுப் புத்தகம் குறுக்கே வருகிறது, ‘பதியம்’ மல்லிகைக் கொடிக்குப் போய்விட்டது. தஞ்சாவூர் ஓவியத்தில் ‘கல் பதித்தல்’ என்கிறார்களே, அந்த வழியில் ‘சில்லுப்பதிகை’ எனலாம். சில்லு பாண்டி ஆடிய எல்லோருக்கும் தெரிந்த சொல்.

சில்லுகளின் இடுக்கில் நிரப்பும் கிரவுட்டுக்கு ‘இடுக்குச்சாந்து’ போதும். சில்லுகளுக்கு நடுவே 2 மி.மீ. விட்டு ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பூச வேண்டும். இட்லி மாவைவிடக் கெட்டியான பதம். இடுக்கு 3 மி.மீ. தாண்டினால் மணல் சேர்ந்த சாந்தே வேண்டும். மணலில்லாதது காயும்போது சுருங்கி வெடிக்கும். 15 முதல் 20 நிமிடத்தில் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைக்கவும். தண்ணீர் சொட்டினால் நிறம் கரைந்து வெளுக்கும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் குழைக்கக் கூடாது, வெள்ளையாய் உப்புப் பூக்கும். கால் கம்பிக்கு இரும்பு வேண்டாம், பித்தளை நல்லது. பிளைவுட்டும் ஃபெவிக்காலும் வீட்டுக்குள் தொங்குவதற்கு மட்டும். வாசலில் மழையில் நனையும் பறவைக்குச் சிமெண்டுப் பலகையும் டைல் ஒட்டும் சிமெண்டுப் பசையும்.

திருவாரூரிலிருந்து:
இரண்டையும் ஏற்றுக்கொண்டேன். சில்லு வெட்டும் குறட்டுக்கு ‘சில்லுக்குறடு’ என்று போட்டிருக்கிறேன். கண்ணாடி தெறிக்கும் என்பதால் கண்காப்பு அணியச் சொல்லும் வரி, அந்தச் சொல்லுக்கு முன்னாலேயே வரும்.