சாண்ட்லரில் வேலை, மரிகோபாவில் வீடு: சரிப்படுமா?

மழைப்பிரியன்:
அடுத்த மாதம் சிகாகோவிலிருந்து அரிசோனாவுக்கு மாறுகிறோம். வேலை ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர் நகரில், ஒகோட்டியோ பகுதிப் பக்கம். மனைவி, இரண்டு வயது மகள், நான். சாண்ட்லரில் விசாரித்ததைவிட, அதற்குத் தென்மேற்கே உள்ள மரிகோபா ஊரில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் வாடகை மாதம் 350 டாலர் குறைகிறது. ஆறு வார வாடகை இலவசம் என்றும் சொல்கிறார்கள். மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி, மலை தெரிகிறது. படத்தைப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிடலாமா?

குறுக்குத்துறை:
தம்பி, பேனாவை மூடி வையுங்கள். நான் மரிகோபாவாசிதான், ஊரைக் குறை சொல்லும் நோக்கம் இல்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 1,040 பேர், 2020இல் 58,125. இத்தனை பேரில் பெரும்பாலோர் வேலைக்குப் போவது 347ஆம் எண் சாலை வழியாகத்தான். அது கீலா நதிப் பழங்குடியினரின் நிலத்துக்குள் போகிறது. இடையில் ஒதுங்கிப் போகக் குறுக்குத் தெரு கிடைப்பது அரிது. ஐ-10 நெடுஞ்சாலையில் சேரும் இடத்துக்கு முன்னால் இரண்டு கார்கள் உரசிக்கொண்டால் அன்றைய காலைக் கூட்டத்துக்கு நீங்கள் போன மாதிரிதான். காசா கிராண்டி வழியாகச் சுற்றலாம், பெட்ரோல் யார் கொடுப்பது?

அடுத்தது அந்தப் பால்கனி. 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேற்குக் கண்ணாடிக் கதவு, அதற்கு மேல் மொட்டைக் கூரை என்றால் ஏசி மாலை முழுக்க மூச்சுவாங்கும். ஐந்து மணிக்குக் கதவின் கைப்பிடியைத் துணி வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுவென்று வரும். குழந்தையின் குளியலுக்கு ஹீட்டரே தேவைப்படாது. அந்த 350 டாலரில் எவ்வளவு மின் கட்டணத்துக்குப் போகும் என்று, அங்கே ஏற்கெனவே குடிவந்த ஒருவரிடம் அவருடைய ஆகஸ்ட் பில்லைக் கேளுங்கள். வாடகை அலுவலகத்தில் கேட்டால் சிரிப்புதான் வரும்.

வரவுசெலவு அக்கா:
இலவச வாரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் இருப்பது முழு வாடகையா, இலவசத்தை ஆண்டு முழுக்கப் பரப்பிக் கழித்த சராசரியா? சராசரி என்றால், லீஸைப் புதுப்பிக்கும்போது முழு வாடகைக்கு மேல்தான் ஏற்றுவார்கள். நடுவில் காலி செய்தால் இலவசப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் ஷரத்தும் இருக்கக்கூடும், தேடிப் படியுங்கள்.

அரிசோனாச் சட்டப்படி முன்பணம் ஒன்றரை மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்து பணத்தைக் கேட்டபின், சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 14 நாட்களுக்குள் பிடித்தங்களின் கணக்கோடு திருப்பித் தர வேண்டும். 2025 ஜனவரி முதல் வீட்டு வாடகைக்கு நகராட்சி வரி கிடையாது. பழைய படிவத்தில் அந்த வரி தொங்கிக்கொண்டிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

வெயில்விரும்பி:
எல்லோரும் சேர்ந்து பயமுறுத்துகிறீர்களே! நான் பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன், எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. மகா கணபதி கோவில் இங்கேதான். சாண்ட்லர்க்காரர்கள் அதற்காக இங்கே வருகிறார்கள். சில மாலைகளில் காற்று திரும்பினால் மாட்டுப் பண்ணை வாடை வீசும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

மழைப்பிரியன்:
நன்றி. அலுவலகத்துக்கு வாரம் நான்கு நாள் போக வேண்டும். அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் கிழக்குப் பார்த்த வீடு காலியாம், 40 டாலர் கூடுதல். மலை தெரியாது, கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

குறுக்குத்துறை:
மரிகோபாதான் என்றால் அந்த நாற்பதைத் தயங்காமல் கொடுங்கள். அதற்கு முன் ஒரு வாரநாளில் விமானம் பிடித்து வந்து, காலை ஆறரைக்கு அந்த வாசலிலிருந்து ஒகோட்டியோ வரை வாடகைக் கார் ஓட்டிப் பாருங்கள். நான்கு நாளும் அதே பாடு என்றால், சாண்ட்லரில் ஒரு படுக்கையறை வீட்டின் வாடகையையும் கேட்டு வையுங்கள். மகளுக்கு இரண்டு வயதுதானே.