ஒரே குழந்தையைப் பார்க்கும் நான்கு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வது எப்படி?

கேள்வி: அங்கன்வாடிப் பணியாளர், ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மையத்துக்கு வரும் இரண்டரை வயதுக் குழந்தை "அம்மா", "தா" என்ற இரண்டு சொற்களைத் தாண்டிப் பேசுவதில்லை. பரிசோதனைக்கு வந்த மருத்துவக் குழு, சேலத்துக்குப் போய்க் காட்டச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தது. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் தாய் அதை மாத்திரைச் சீட்டு என்று எண்ணி, ரேஷன் அட்டை உறைக்குள் மடித்து வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து மருந்துக் கடையில் நீட்டியிருக்கிறார். பிறகு ஒரு நாள் கூலியை இழந்து கீழே சேலத்துக்குப் போய் வந்தார். அங்கே என்ன சொன்னார்கள் என்பது எனக்கும் தெரியவில்லை, கிராம சுகாதாரச் செவிலியருக்கும் தெரியவில்லை. நாங்கள் இருவரும், அடுத்து வந்த, மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரும் தாயிடம் அதே கேள்விகளையே கேட்டோம். இப்போது என்னைக் கண்டாலே அவர் ஒதுங்கிப் போகிறார். நாங்கள் எங்கே தவறினோம்?

பதில் 1: பேச்சுப் பயிற்சியாளர், சேலம்

வணக்கம் அம்மா. பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு நாங்கள் முதலில் பார்ப்பது செவித்திறனைத்தான். புதிய இடத்தில் அழுதுகொண்டே இருக்கும் குழந்தையை அரை மணி நேரம் பார்க்கும் எங்களைவிட, நாள்தோறும் பார்க்கும் உங்களுக்கு அதிகம் தெரியும். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறதா, சோற்றுப் பானையின் மூடி விழுந்தால் திடுக்கிடுகிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா, காதில் சீழ் வந்ததுண்டா என்று தமிழில் நான்கு வரி எழுதி அனுப்புங்கள். "பேச்சு வரவில்லை" என்று மட்டும் வரும் சீட்டைக் கொண்டு நாங்கள் எல்லாவற்றையும் தாயிடம் முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. நாங்கள் கண்டதையும் அடுத்த வருகைத் தேதியையும் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவது எங்கள் கடமை. அது பல நேரம் நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பதில் 2: கிராம சுகாதாரச் செவிலியர், ஓமலூர்

தாய் எங்கே போனாலும் கையில் எடுத்துச் செல்வது தாய் சேய் நல அட்டையைத்தான். அதற்குள் ஒரு தாளை ஒட்டி, பார்த்தவர் ஒவ்வொருவரும் தேதியிட்டு இரண்டு வரி எழுதினால் அதே கேள்வி திரும்ப வராது. கிராம சுகாதார ஊட்டச்சத்து நாளில் நாங்கள் எல்லோரும் உங்கள் மையத்திலேயே கூடுகிறோம். அன்று தாயையும் உடன் உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசலாம். குழந்தையின் பெயரையும் படத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.

பதில் 3: குழந்தைகள் பாதுகாப்புப் பணியாளர்

எந்த விவரத்தை யாரிடம் சொல்லப் போகிறோம் என்பதைத் தாயிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சம்மதம் பெற்றுப் பகிருங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்க முடியாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், 19-ஆம் பிரிவின்படி காவல் துறைக்குத் தெரிவிப்பது நம் ஒவ்வொருவரின் கடமை. உதவிக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்கலாம்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. அந்த நான்கு வரிகளை நாளைக்கே எழுதி, மாலையில் தோட்டத்திலிருந்து அந்தத் தாய் திரும்பும் வழியில் நின்று படித்துக் காட்டப் போகிறேன். செவிப் பரிசோதனை நடந்ததா என்பதை மட்டும் கேட்பேன்.