எந்தச் சேர்வர் பதில் சொல்கிறது என்று எப்படிப் பிடித்தீர்கள்?

வெள்ளவத்தைக்காரன்:
யூனியன் பிளேசில் எங்கள் அலுவலகத் தளத்தை மூன்று சேர்வர்கள் தாங்குகின்றன. முன்னால், வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பங்கிடும் ஒரு லோட் பேலன்சர். படம் பதிவேற்றுவோரில் சிலருக்கு மட்டும் பிழை வந்தது. குற்றவாளி எது என்று அறிய, பக்கத்தின் அடியில் சேர்வரின் பெயரை அச்சிடச் சொன்னார்கள். பிஎச்பி நிரல்மொழியில் பலரும் நாடுவது 'சேர்வர் நேம்' மாறியைத்தான். அது மூன்றிலும் தளத்தின் முகவரியையே ஒப்பித்தது. வேறென்ன சொல்லும்? அப்பாச்சி என்ற வலைச் சேர்வர் மென்பொருளின் இயல்பான அமைப்பில், உலாவி எந்தப் பெயரைக் கேட்டு வந்ததோ அதுவே அந்த மாறியில் ஏறுகிறது. இயந்திரத்தின் சொந்தப் பெயரை இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும். அதற்கான 'கெட்ஹோஸ்ட்நேம்' பிஎச்பி 5.3 முதலே இருக்கிறது. அதைப் போட்டதும், பிழை வரும்போதெல்லாம் இரண்டாவது சேர்வரின் பெயரே தலைகாட்டியது. உள்ளே போய்ப் பார்த்தால், பதிவேற்றும் கோப்புறையில் எழுத அனுமதியே இல்லை!

கொட்டாஞ்சேனை வாசி:
விண்டோஸில் இன்னொரு கூத்து இருக்கிறது அண்ணா. மைக்ரோசாப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் 'என்விரான்மென்ட் மெஷின்நேம்' தருவது, நெட்பயாஸ் என்ற பழைய வலையமைப்பு முறைக்கான பெயர்; 15 எழுத்துக்கு மேல் போகாது. எங்கள் நிர்வாகிக்கு நீளப் பெயர்களில் மோகம். ஊர், வேலை, கடைசியில் எண் என்று 17 எழுத்தில் பெயர் வைத்திருந்தார். பிரதான நிலையத்தின் சேர்வரும், வேறு வலையமைப்பில் இருந்த மாற்று நிலையத்தின் சேர்வரும் அந்தக் கடைசி எண்ணில்தான் வேறுபட்டன. வெட்டுப்பட்டதும் அதுதான். நிகழ்வுகளைக் குறிக்கும் பதிவேட்டில் (லாக்) இரண்டும் ஒரே பெயரில் கிடந்தன. டாட்நெட்டிலேயே உள்ள 'டிஎன்எஸ் கெட்ஹோஸ்ட்நேம்' முழுப் பெயரையும் தந்தது.

மருதானைத் தம்பி:
நிரல்களைக் கொள்கலன் என்ற தனித்தனி உறைகளில் ஓட்டும் டொக்கருக்குள் ஓடும் நிரலிடம் பெயர் கேட்டுப் பாருங்கள். நீங்களாக ஒன்று வைக்காவிட்டால், கொள்கலனின் அடையாளத்தில் முதல் 12 எழுத்துகளைச் சொல்லும். பழையதை அழித்துப் புதிதாக எழுப்பினால் அதுவும் மாறிவிடும். பல இயந்திரங்களில் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில், கொள்கலனைத் தாங்கும் அலகான பொடின் பெயர் வரும். அடியில் இருக்கும் இயந்திரமான நோடின் பெயரை நிரல் தானாக ஊகிக்காது; பொடின் அமைப்புக் கோப்பில் 'ஸ்பெக் நோட்நேம்' மதிப்பை ஒரு சூழல் மாறியாக நாமே உள்ளே அனுப்ப வேண்டும். நான் இப்போது பதிவேட்டின் ஒவ்வொரு வரியிலும் பொட், நோட் இரண்டையும் எழுதவைக்கிறேன். இடம் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும், பிடிக்கட்டும்.

பம்பலப்பிட்டி:
வெள்ளவத்தைத் தம்பி, பிழை பிடிபட்ட பிறகாவது அந்தப் பெயரைப் பக்கத்திலிருந்து எடுத்தீர்களா? உள்வலையமைப்பின் பெயர்கள் ஊருக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. நாங்கள் சேர்வர் உலாவிக்கு அனுப்பும் பதிலின் தலைப்பில் (ஹெடர்) 'அ', 'ஆ' என்று குறி மட்டும் அனுப்புகிறோம். எது எந்த இயந்திரம் என்ற பட்டியல் எங்களிடம் இருக்கிறது. இன்னொன்று: கடவுச்சொல் மாற்றும் இணைப்பை அந்தச் 'சேர்வர் நேம்' மாறியை நம்பி உருவாக்காதீர்கள். கோரிக்கையில் பொய்ப் பெயர் கொடுப்பவனுக்கு, உங்கள் பயனரின் மின்னஞ்சலில் அவனுடைய முகவரியை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும். தளத்தின் முகவரியை அமைப்புக் கோப்பில் நிலையாக எழுதி வையுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
அன்றே எடுத்துவிட்டோம் அண்ணா. கடவுச்சொல் இணைப்பை நாளை பார்க்கிறேன்.